கனவுக்கு முன் கட்டமைப்பு: பியானோ ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



ராபர்ட் ஷூமன் 1838ஆம் ஆண்டில் லைப்சிக் நகரில் இயற்றிய ‘கிண்டர்ஸேனன்’, அதாவது ‘குழந்தைப் பருவக் காட்சிகள்’ என்னும் தொகுப்பு 13 சிறு உருப்படிகளைக் கொண்டது. அவற்றுள் ஏழாவதாக, சரியாக நடுவில் நிற்கும் ‘த்ராய்மெராய்’ என்ற உருப்படி, கனவில் ஆழ்ந்திருத்தல் என்று பொருள்படும் தன் பெயராலேயே உலகெங்கும் அறியப்பட்டு, அந்தப் பெயராலேயே பெரும்பாலும் தவறாகவும் வாசிக்கப்பட்டு வருகிறது. மாணவர் முன் இசைத்தாள் விரிக்கப்பட்டதும் முதலில் சொல்லப்படுவது கனவு என்பதுதான். அதைத் தொடர்ந்து மெதுவாக, மென்மையாக, உருக்கமாக என்ற மூன்று அறிவுரைகள் வருகின்றன. பெடலில் கால் அழுந்துகிறது. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியே மிதக்கத் தொடங்கி, ஒன்றோடொன்று கொண்டிருந்த உறவை இழக்கிறது. அந்த உருப்படியின் குணம் அதன் பெயரிலிருந்து வருவதன்று, அதன் வடிவத்திலிருந்து வருவது என்பதையும், ஆகவே வடிவமே முதலில் கற்பிக்கப்பட வேண்டும் என்பதையும் ஆசிரியர்களின் கவனத்துக்குக் கொண்டுவருவதே இம்மடலின் நோக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரொமான்டிக் காலத்தில் செழித்த இவ்வகைச் சிற்றுருப்படிகளை இசை வரலாற்றாசிரியர்கள் குணச்சித்திர உருப்படிகள் என வகைப்படுத்துவர். சொனாட்டா போன்ற நீண்ட வடிவங்களில் பல உணர்வுகள் ஒன்றோடொன்று மோதி வளர்வதற்கு மாறாக, இவற்றில் ஒரே மனநிலை சில நிமிடங்களுக்குள் முழுமையாக வரையப்படுகிறது. அம்மனநிலையைச் சுட்டும் ஒரு தலைப்பும் பெரும்பாலும் உடன் இருக்கும். தலைப்பு இருப்பதால் இசை அத்தலைப்பின் விளக்கப்படம் என்ற முடிவுக்கு வருவது எளிது. ஷூமன் காலத்து விமர்சகர் லுட்விக் ரெல்ஸ்டாப் அப்படித்தான் எண்ணினார். அழும் குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு அதற்கேற்ற ஸ்வரங்களைத் தேடியிருப்பார் என்ற தோரணையில் அவர் எழுதியதைக் கண்டு சினந்த ஷூமன், 1839 செப்டம்பரில் தம் பழைய ஆசிரியர் ஹைன்ரிக் டோர்னுக்கு எழுதிய கடிதத்தில் உண்மை அதற்கு நேர்மாறானது என்று தெளிவுபடுத்தினார். இசை முதலில் எழுதப்பட்டது; தலைப்புகள் பின்னர் தோன்றியவை; வாசிப்பவருக்கும் புரிந்துகொள்பவருக்கும் நுட்பமான குறிப்புகளாக அமைவதைத் தவிர அவற்றுக்கு வேறு பணி இல்லை. இயற்றியவரே இவ்வளவு தெளிவாகச் சொன்ன பின்னும் பாடம் தலைப்பிலிருந்தே தொடங்குவது வியப்புக்குரியது.

அத்தொகுப்பு பிறந்த சூழலும் இங்கே நினைவுகூரத் தக்கது. 1838 மார்ச்சில் ஷூமனுக்கு வயது 27. அவர் மணக்க விரும்பிய கிளாரா வீக் என்னும் பியானோ கலைஞர் வியன்னாவில் கச்சேரிகள் நிகழ்த்திக்கொண்டிருந்தார். மகளின் திருமணத்துக்குத் தந்தை ஃப்ரீட்ரிக் வீக் உடன்படவில்லை. ஷூமன் சில வேளைகளில் குழந்தையைப் போல் தோன்றுவதாகக் கிளாரா முன்பொருமுறை எழுதியிருந்ததை நினைவூட்டி, அதற்கு மறுமொழிபோல ஏறத்தாழ 30 சிறு உருப்படிகள் எழுதியதாகவும், அவற்றுள் பன்னிரண்டளவு தேர்ந்து தொகுப்பாக்கியதாகவும் அவர் தெரிவித்தார். எனவே இவை குழந்தைகள் வாசிப்பதற்கென எழுதப்பட்டவை அல்ல. குழந்தைப் பருவத்தைப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்க்கும் பார்வை இவற்றில் உள்ளது. குழந்தைகளின் விரல்களுக்கென்றே அவர் இயற்றியது பத்தாண்டு கழித்து 1848இல் எழுதப்பட்ட ‘இளையோர் தொகுப்பு’. அதில் 43 உருப்படிகள் உள்ளன. ஸ்வரங்கள் குறைவாகத் தெரிவதாலேயே ‘த்ராய்மெராய்’ தொடக்க நிலை மாணவர் கையில் தரப்படுவது இவ்வேறுபாட்டை மறந்ததன் விளைவு. இடக்கை எட்டாத விரிவுகளும், ஒரே கையில் இரண்டு மூன்று குரல்களைத் தனித்தனி அழுத்தத்தில் தாங்க வேண்டிய தேவையும் அந்தச் சில ஸ்வரங்களுக்குள் ஒளிந்திருக்கின்றன.

இனி வடிவத்துக்கு வரலாம். உருப்படி முழுவதும் 24 தாளக் கட்டங்களே. பார் என்று மாணவர்கள் அழைக்கும் அக்கட்டம் ஒவ்வொன்றும் நான்கு அடிகள் கொண்டது. எஃப் ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட எஃப் மேஜரில் அமைந்த இதில் முதல் எட்டுக் கட்டங்கள் ஒரு பகுதி, அது மீண்டும் ஒருமுறை வாசிக்கப்படும்; அடுத்த எட்டு நடுப்பகுதி; கடைசி எட்டு முதற்பகுதியின் திரும்பல். பாடநூல்கள் இதை மும்மை வடிவம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடும். அது பிழையன்று; ஆனால் அதில் எதுவும் விளங்குவதில்லை. உண்மையான அலகு நான்கு கட்டங்கள் நீளும் இசைத் தொடர்; அத்தகைய தொடர்கள் ஆறு. ஆறும் ஒரே செயலோடு தொடங்குகின்றன: கட்டத்தின் கடைசி அடியில், தாளம் நிலைகொள்ளும் முன்பே ஒரு ஸ்வரம் ஒலித்து, அங்கிருந்து நான்காம் ஸ்வரத்துக்கு மெட்டு தாவி ஏறுகிறது. கர்நாடக இசை அறிந்தவர்க்கு இது தாளத்துக்கு முன்பே எடுக்கும் அதீத எடுப்பு. ஸ்வரங்களும் கீழ்ப் பஞ்சமத்திலிருந்து ஷட்ஜத்துக்குச் செல்லும் அதே பழகிய தாவல்தான். எஃப்பை ஷட்ஜமாகக் கொண்டால் முதலில் வரும் ஸி மந்த்ரப் பஞ்சமம் ஆகிறது.

ஷட்ஜத்தை அடைந்த மெட்டு அங்கே நீண்டு நிற்கிறது. அது நிற்கும்போது முதல் அடியில் துணையாக ஒலிப்பது அடிக்குரல் மட்டுமே. கார்டு எனப்படும், பல ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் கூட்டு, இரண்டாம் அடியில்தான் நுழைகிறது. தாளத்தின் வலுவான இடம் இதனால் சற்றே மங்குகிறது; எங்கே கட்டம் தொடங்கிற்று என்பது காதுக்கு ஐயமாகிறது. கனவுத்தன்மை என்று கேட்பவர்கள் உணர்வதில் பெரும்பங்கு இந்த ஐயத்தில்தான் உள்ளது. மெதுவாக வாசிப்பதால் அது கூடுவதில்லை. மாறாக, அடிகளுக்கிடையே இடைவெளி மிகும்போது தாளம் பற்றிய எதிர்பார்ப்பே அழிந்துவிட, மங்குவதற்கு அங்கே எதுவும் மிஞ்சாது. ஆசிரியர்கள் இந்த ஒரு செய்தியை மட்டும் மாணவர் காதில் பதியவைத்தாலே இம்மடல் பயன் பெற்றதாகும்.

நீண்டு நின்ற பின் மெட்டு சிறு ஸ்வரங்களாக உடைந்து, எஃப் மேஜரின் கூட்டு ஸ்வரங்களைப் படிகளாக்கி மேல் எஃப் வரை விரைந்து ஏறி, பின்னர் வளைந்து வளைந்து இறங்குகிறது. ஏற்றம் குறுகியது, இறக்கம் நீண்டது. இரண்டாம் தொடர் இதையே அப்படியே மீண்டும் தொடங்கிவிட்டு, மேல் ஷட்ஜத்தில் நிற்காமல் மேல் காந்தாரமாகிய ஏ வரை தாவுகிறது. அந்த ஏ ஒலிக்கும் இடத்தில் ஹார்மனி, அதாவது ஸ்வரக் கூட்டுகளின் நடை, எஃப் மேஜரை விட்டு டி மைனரை நோக்கிச் சாய்கிறது. முதல் தொடரைக் கேட்டு அதே உயரத்தை எதிர்பார்த்த காதுக்கு இரண்டு ஸ்வரம் கூடுதலான அந்த எட்டல் ஒரு சிறு அதிர்ச்சி. இந்தப் பகுதி எஃப்பில் முடியாமல் அதன் பஞ்சமமாகிய ஸி-யில் போய் நிற்பதால், மீண்டும் வாசிப்பதோ மேலே செல்வதோ தவிர வேறு வழியில்லாத நிலை உருவாகிறது.

நடுப்பகுதியில் எஃப் மேஜருக்கு அயலான ஈ ஃப்ளாட் நுழைந்ததும் நிறம் மாறுகிறது. ஜி மைனர், பி ஃப்ளாட் மேஜர், டி மைனர் ஆகிய நிலைகளை இசை தொட்டுச் செல்கிறது, எதிலும் தங்குவதில்லை. இங்கே கவனிக்க வேண்டியது குரல்களின் பின்னல். நான்கு குரலில் பாடும் குழுவுக்கோ, நால்வர் வாசிக்கும் வயலின் குழுவுக்கோ எழுதப்பட்டதைப் போல, மேற்குரல் விட்ட சிறு வளைவை உட்குரல் பிடித்துக்கொள்கிறது, அதை அடிக்குரல் தொடர்கிறது. ஷூமன் பாக்கின் ஃபியூகுகளை நாள்தோறும் போலப் பயின்றவர் என்பதை மேற்குரலை மட்டும் ஓங்கி ஒலித்து மற்றவற்றைத் துணையொலியாக ஒதுக்கும் வாசிப்பு அறவே மறைத்துவிடுகிறது. உருக்கமான ஒரு மெட்டும் அதற்குக் கீழே மெல்லிய பின்னணியும் என்ற புரிதல் ஷோபனின் பல நாக்டர்ன்களுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

திரும்பலில் முதல் நான்கு கட்டங்கள் மாற்றமின்றி வருகின்றன. அதன் பின் 22ஆம் கட்டத்தில், உருப்படியின் உச்சம் அமைகிறது. மெட்டு மறுபடியும் அதே மேல் ஏ-யைத் தொடுகிறது; ஆனால் இம்முறை அதன் கீழே ஜி-யை அடியாகக் கொண்டு ஒன்பதாம் ஸ்வரம்வரை அடுக்கிய கூட்டு விரிகிறது; அதன் உச்சியில் நிற்பதே அந்த ஏ. எஃப்பை ஷட்ஜமாகக் கொண்டவர்க்குப் பிரதி மத்யமமாக ஒலிக்கும் பி நேச்சுரல் அக்கூட்டினுள் இருப்பதால், வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட இசை திடீரென வெளியே பார்ப்பதைப் போன்ற திறப்பு அங்கே நிகழ்கிறது. அதன் மேல் ஷூமன் ஃபெர்மாட்டா என்னும் நிறுத்தக் குறியை இட்டிருக்கிறார். வாசிப்பவர் அங்கே தாளத்தை விட்டு, தம் காது சொல்லும் அளவுக்கு நிற்கலாம். அக்குறிக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் அதுவரை தாளம் ஓடியிருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் நின்று நின்று வந்தவர் 22ஆம் கட்டத்தில் நின்றதைக் கேட்பவர் எப்படி அறிவார்?

ஒரே உயரத்துக்கு ஏறும் ஒரே மெட்டு இரண்டு இடங்களில் இரண்டு வேறு ஹார்மனிகளைப் பெற்று இரண்டு வேறு பொருள் கொள்கிறது என்பதே இவ்வுருப்படியின் மையமான நிகழ்வு. இதில் ஃபோர்டே என்ற உரத்த ஒலிக்குறி எங்கும் இல்லை; வேகமான விரலோட்டம் இல்லை; புதிய இரண்டாம் மெட்டுகூட இல்லை. இருந்தும் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே ஏதோ ஒன்று நடந்து முடிந்துவிட்ட உணர்வு எழுகிறதென்றால் அதற்குக் காரணம் அந்த இரண்டு ஏ-க்களுக்கும் இடையே உள்ள தொலைவு. கேட்பவர் முதலாவதை நினைவில் வைத்திருந்தால்தான் இரண்டாவது அவரைத் தொடும்.

அழகான ஒன்றை இப்படிப் பிரித்துப் பார்ப்பது தகுமா என்ற வினா எழக்கூடும். இவ்வினா இதே உருப்படியை வைத்தே ஒருமுறை அச்சில் விவாதிக்கப்பட்டது என்பது இசை வரலாற்றின் சுவையான செய்திகளுள் ஒன்று. ‘பாலஸ்ட்ரீனா’ ஓபராவை இயற்றிய ஹான்ஸ் ஃபிட்ஸ்னர், விமர்சகர் பவுல் பெக்கரையும் புதிய இசையையும் தாக்கி 1920இல் வெளியிட்ட நூலில் ‘த்ராய்மெராய்’ மெட்டை எடுத்துக்காட்டி, இதன் முன் எவ்வளவு அழகு என்று வியப்பதைத் தவிர அறிவால் சொல்லத்தக்கது எதுவுமில்லை, உணர்பவர் உணர்வார், உணராதவரிடம் வாதிட்டுப் பயனில்லை என்ற கருத்தை முன்வைத்தார். ஷோன்பர்கின் மாணவரான ஆல்பன் பெர்க் அதே ஆண்டு வியன்னாவின் ‘முசிக்பிளெட்டர் டெஸ் அன்புருக்’ இதழில் மறுப்பு எழுதினார். வாதத்தைக் கோட்பாட்டால் நடத்தாமல், இசைத்தாளையே முன்வைத்து, தொடக்கத் தாவல் ஒவ்வொரு முறையும் எப்படி மாறி வளர்கிறது, ஹார்மனி எங்கே செறிகிறது, குரல்கள் எப்படிப் பின்னுகின்றன என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ‘வொய்செக்’ போன்ற கடுமையான ஓபராவை இயற்றிய ஒருவர், பழமையின் காவலராகத் தம்மைக் கருதிய ஃபிட்ஸ்னரைவிட ஷூமனை நுணுக்கமாகப் படித்திருந்தார் என்பதில் ஐயமில்லை. வகுப்பறையில் பெர்க்கின் வழியே பயன் தரும். ஃபிட்ஸ்னரின் வழியில் ஆசிரியர் பெருமூச்சு விடலாம், கற்பிக்க இயலாது.

வேகம் பற்றிய சிக்கலை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். முதற்பதிப்பில் நிமிடத்துக்கு 100 அடிகள் என்று குறிக்கப்பட்டுள்ளது. கிளாரா ஷூமன் பின்னாளில் தயாரித்த பதிப்பில் அது 80 ஆகக் குறைக்கப்பட்டது. ஷூமனின் மெட்ரோனோம் பழுதுபட்டது என்ற பேச்சு நெடுங்காலமாக உண்டு. அது உறுதிசெய்யப்பட்டதில்லை, வசதியானது என்பதால் நிலைத்திருக்கிறது. திரும்ப வாசிக்கும் பகுதியையும் சேர்த்தால் மொத்தம் 32 கட்டங்கள், 128 அடிகள். நிறுத்தங்களை விட்டுக் கணக்கிட்டால் 100 வேகத்தில் ஏறத்தாழ 1 நிமிடம் 17 விநாடி, 80 வேகத்தில் 1 நிமிடம் 36 விநாடி, இன்று பலர் விரும்பும் 50 வேகத்தில் 2 நிமிடம் 34 விநாடி ஆகின்றன. இதைவிடப் பயனுள்ள கணக்கு ஒரு தொடருக்கானது. 16 அடிகள் கொண்ட ஒரு தொடர் 80 வேகத்தில் 12 விநாடிகளில் முடியும். பயின்ற பாடகர் ஒருவர் அதை ஒரே மூச்சில் பாடிவிடலாம். 50 வேகத்தில் அதுவே 19 விநாடிகளைத் தாண்டும். மூச்சு நடுவில் முறியும், தொடரும் முறியும். 100 என்ற குறி இன்றைய காதுக்குச் சற்று அவசரமாகத் தோன்றுவது உண்மையே. அதைக் கட்டளையாகக் கொள்ளத் தேவையில்லை. ஆனால் இயற்றியவரும், அவரை மிக நெருங்கி அறிந்தவரும் சொன்ன இரண்டு எண்களும் ஒரே திசையைக் காட்டும்போது அத்திசையையே மறுப்பதற்கு வலுவான காரணம் வேண்டும்.

உருப்படி மெல்ல மெல்ல வேகம் குறைந்ததற்குப் பின்னால் ஒரு பொதுவாழ்வும் இருக்கிறது. கச்சேரி முடிவில் கூடுதலாக வாசிக்கும் விடைபெறு உருப்படியாக அது மாறிற்று. விளாடிமிர் ஹோரோவிட்ஸ் 61 ஆண்டுகளுக்குப் பின் தாய்நாடு திரும்பி 1986 ஏப்ரல் 20 அன்று மாஸ்கோவில் வாசித்தபோது இதையும் வாசித்தார். அரங்கில் கண்ணீர் வழிய அமர்ந்திருந்த ஒருவரின் முகம் ஒளிப்பதிவில் நிலைத்துவிட்டது. அதற்கு முன்பே சோவியத் நாட்டில் இவ்விசை வேறொரு பொருள் பெற்றிருந்தது: வோல்கோகிராட் நகரின் மாமாயெவ் குர்கான் போர் நினைவிடத்து மண்டபத்தில், ஸ்டாலின்கிராடில் மடிந்த வீரர்களுக்காக அது ஒலிக்கிறது. எதிரி நாட்டு இசையமைப்பாளர் ஒருவரின் குழந்தைப் பருவக் காட்சி அங்கே இரங்கற்பாவானது மானுட வரலாற்றில் மதிக்கத்தக்க நிகழ்வு. ஆயினும் இரங்கலுக்கு உகந்த நடையை மாணவருக்கு மூலநடையாகக் கற்பிப்பது முறையாகாது. ஹோரோவிட்ஸின் வாசிப்பையும் அதன் மெதுவான வேகத்துக்காகப் போலி செய்வோர் பலர். அவ்வளவு மெதுவிலும் உட்குரல்கள் ஒவ்வொன்றையும் வேறு வேறு நிறத்தில் அவர் கேட்கவைத்ததைப் பின்பற்றுவோர் மிகச் சிலர்.

ஆகவே ஆசிரியப் பெருமக்கள் இவ்வுருப்படியை அடுத்த முறை கற்பிக்கும்போது சிலவற்றைச் செய்து பார்க்குமாறு வேண்டப்படுகிறார்கள். தலைப்பை மறைத்துவிட்டு, ஆறு தொடர்களின் தொடக்கத் தாவல்களை மட்டும் மாணவர் அடுத்தடுத்து வாசிக்கட்டும்; ஐந்து ஸி-யிலிருந்து எஃப்புக்கும், ஒன்று மட்டும் எஃப்பிலிருந்து பி ஃப்ளாட்டுக்கும் செல்வதை அவரே கண்டுபிடிப்பார். ஆறாம் கட்டத்து ஏ-யையும் 22ஆம் கட்டத்து ஏ-யையும் அவற்றின் ஸ்வரக் கூட்டுகளோடு பக்கத்தில் பக்கத்தில் ஒலிக்கச் செய்து, வேறுபாட்டைச் சொற்களில் சொல்லச் சொல்லலாம். பெடல் இல்லாமல், ஒரு குரலைப் பாடியபடி மற்றக் குரல்களை வாசிக்கும் பயிற்சி ஒரு வாரமேனும் நடக்கட்டும். இயன்றால் ஆறாவது உருப்படியான ‘முக்கிய நிகழ்ச்சி’யின் ஏ மேஜர் ஆரவாரத்தை முதலில் வாசித்து, அங்கிருந்தே ‘த்ராய்மெராய்’க்குள் நுழைந்து, இடைவெளியின்றி அதே எஃப் மேஜரில் அமைந்த எட்டாவது உருப்படியான ‘கணப்படுப்பின் அருகே’ வரை செல்லட்டும்; தனியாக எடுத்து வாசிக்கும்போது தோன்றும் தேவையற்ற பாரம் அந்த வரிசையில் தானாகவே குறையும். கனவு பற்றிய பேச்சை இவையனைத்தும் முடிந்த பின் வைத்துக்கொள்ளுங்கள். ஷூமனும் தலைப்பைக் கடைசியில்தான் எழுதினார்.